ஒரே வெயில், இரண்டு கணக்கு

ஒசூரிலிருந்து பெங்களூர் செல்லும் சாலையில் ஜூஜூவாடியைத் தாண்டினால் அத்திப்பள்ளி வந்துவிடும். இடையே இருப்பது தமிழ்நாட்டையும் கர்நாடகத்தையும் பிரிக்கும் எல்லைக் கோடு. கோட்டுக்கு இப்புறமும் ஆலைகள்; அப்புறமும் ஆலைகள். இரு புறமும் அடிப்பது ஒரே வெயில்தான். ஒரு கிலோவாட் திறனுள்ள சூரியத் தகடுகளைக் கூரையில் பொருத்தினால், எந்தப் புறமானாலும் நாளொன்றுக்குச் சராசரியாக ஏறத்தாழ 4 யூனிட் மின்சாரம் கிடைக்கும். ஆயினும், சூரிய மின்சாரத்தால் ஓர் ஆலைக்குக் கிடைக்கும் இலாபம் கோட்டைத் தாண்டியதும் மாறிவிடுகிறது. இது ஏன்?

அதிகாரம் யாருக்கு?

நம் அரசியல் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் மூன்று பட்டியல்கள் உள்ளன. மின்சாரம் இடம்பெற்றிருப்பது பொதுப் பட்டியலில். அதாவது, மத்திய அரசும் சட்டம் இயற்றலாம். மாநில அரசும் இயற்றலாம். 2010இல் தேசிய சூரிய ஆற்றல் இயக்கத்தைத் தொடங்கிய மத்திய அரசு, 2022க்குள் 20,000 மெகாவாட் என்று இலக்கு வைத்தது. 2015இல் அதை 1,00,000 மெகாவாட்டாக உயர்த்தியது. ஆனால் நிலம், மாநிலத்துக்குள் ஓடும் கம்பிகள், அவற்றுக்கான கட்டணம் ஆகியவை பெரும்பாலும் மாநிலத்தின் கையில் உள்ளன. கட்டணத்தை நிர்ணயிப்பது அந்தந்த மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையம்.

தமிழ்நாடு 2012இல் தன் சூரிய ஆற்றல் கொள்கையை வெளியிட்டது. 2019இல் வந்த புதிய கொள்கை 2023க்குள் 9,000 மெகாவாட் என்றும், அதில் 40 சதவீதம் நுகர்வோரின் இடங்களிலேயே அமைய வேண்டும் என்றும் கூறியது. கர்நாடகமோ பாவகடாவில் விவசாயிகளிடமிருந்து நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து, 2,050 மெகாவாட் சூரியப் பூங்காவை அமைத்தது.

கம்பிக்கு வாடகை

ஆலையின் கூரை அதன் தேவை முழுவதற்கும் போதாது. எனவே, தொலைவிலுள்ள சூரிய மின் நிலையத்திலிருந்து மின்சாரம் வாங்க வேண்டியிருக்கும். சரக்கு வந்து சேர லாரி வாடகை கொடுக்கிறோம் அல்லவா? அதுபோல, மின்சாரம் வந்து சேரக் கம்பிக்கு வாடகை தர வேண்டும். அத்துடன் குறுக்கு மானியக் கூடுதல் கட்டணமும் உண்டு.

கர்நாடக ஆணையம் 2014இல் ஒரு சலுகை அளித்தது. 2013 ஏப்ரல் முதல் 2018 மார்ச் வரை இயங்கத் தொடங்கும் சூரிய மின் நிலையங்கள் மாநிலத்துக்குள் உள்ள நுகர்வோருக்கு விற்றால், பத்து ஆண்டுகளுக்கு இந்தக் கட்டணங்கள் இல்லை. "மாநிலத்துக்குள்" என்ற சொல்லைக் கவனியுங்கள். அத்திப்பள்ளி ஆலைக்கு இந்தச் சலுகை எட்டியது. சில கிலோமீட்டர் தள்ளியுள்ள ஒசூர் ஆலைக்கு எட்டவில்லை!

மறுபக்கம்

அப்படியானால், கட்டணம் கேட்பது தவறா? அவசரப்பட்டு முடிவுகட்ட வேண்டாம். தமிழ்நாட்டில் விவசாயத்திற்கு மின்சாரம் இலவசம். வீடுகளுக்கும் குறிப்பிட்ட அளவு மின்சாரம் இலவசம். இந்தச் செலவில் ஒரு பகுதியை அரசு மானியம் ஈடுகட்டுகிறது. மற்றொரு பகுதி ஆலைகள் தரும் கூடுதல் விலையிலிருந்து வருகிறது. ஆலைகள் பகலில் சூரிய மின்சாரத்துக்கு மாறினால் அந்த வருவாய் குறையும். மாலை ஆறரை மணிக்குச் சூரியன் மறைந்ததும், அதே ஆலை மின்வாரியத்தின் கம்பியைத்தானே நாடும்? கம்பிகளையும் மின்மாற்றிகளையும் பராமரிக்கும் செலவு பகலிலும் இரவிலும் ஒன்றே.

இந்தக் காரணம் பற்றியே 2021இல் தமிழ்நாட்டு ஆணையம் கூரைச் சூரிய மின்சாரத்துக்கு வலையமைப்புக் கட்டணம் விதித்தது. தொழில்துறையினர் எதிர்த்தனர். சூரியத் தகட்டுக்குப் போட்ட முதல் திரும்பிவர அதிக ஆண்டுகள் ஆகும் என்பது அவர்கள் வாதம். இந்தச் சிக்கல் நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலம், 2023 ஏப்ரல் முதல் புதிதாகச் சேரும் கூரை உரிமையாளர்களுக்கு, அவர்கள் தரும் உபரி மின்சாரத்தின் விலையை வெகுவாகக் குறைத்துவிட்டது.

பகல் மின்சாரத்தை மாலைக்குச் சேமித்து வைக்கும் மின்கல அடுக்குகள் மலிவாக மலிவாக, இந்தப் பூசலின் ஒரு பாதி தீரும். மறுபாதி, இலவச மின்சாரத்தின் செலவை யார் ஏற்பது என்ற கேள்வி. அதற்குப் பொறியியலில் விடை இல்லை, சட்டமன்றத்தில்தான் உண்டு.

அடுத்த முறை உங்கள் வீட்டு மின் கட்டண விவரத்தைப் பார்க்கும்போது, அரசு மானியம் எவ்வளவு என்று கணக்கிட்டுப் பாருங்கள். நீங்கள் செலுத்தாத அந்தத் தொகையும் யாரோ ஒருவர் செலுத்துவதுதான்.