சபையில் நால்வர், செய்தி ஒன்று

காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூருக்குச் சென்றால், அங்குள்ள வைகுந்தப்பெருமாள் கோயில் மண்டபத்தின் கற்சுவர்களைப் பாருங்கள். எங்கும் எழுத்துக்கள்! முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில், ஊர்ச்சபையின் வாரியங்களுக்கு உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கும் முறை அங்கே வெட்டி வைக்கப்பட்டது. 'குடவோலை முறை' என்று வரலாற்றுப் பாடத்தில் படித்திருப்பீர்கள்.

அந்த முறையில் உள்ள ஒரு நுட்பத்தைக் கவனியுங்கள். பெயர் எழுதிய ஓலைகள் குடத்தில் இடப்படும். வயதில் மூத்த நம்பி ஒருவர் குடத்தை எல்லோரும் காணும்படி தூக்கிக் காட்டுவார். உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத சிறுவன் ஓலையை எடுப்பான். மத்தியஸ்தர் ஐந்து விரல்களையும் விரித்து, உள்ளங்கையில் அதை வாங்குவார். அவர் உரக்கப் படித்தபின், அங்கிருக்கும் நம்பிமாரும் அதே ஓலையைப் படிப்பார்கள்.

இத்தனை ஏற்பாடு எதற்கு? எதுவும் மறைக்கப்படவில்லை என்பதைச் சபையார் தம் கண்ணாலும் காதாலும் அறிய வேண்டும் என்பதற்குத்தான்! நிலமும் வேதக் கல்வியும் உடைய ஆண்களுக்கு மட்டுமே அன்று தேர்வில் இடம் இருந்தது. அது அக்காலத்தின் குறை. ஆனால் சபையின் முன் எல்லாவற்றையும் திறந்து வைக்கும் பழக்கம் நமக்கு இன்றும் வேண்டியதே.

குழுவாகச் சேர்ந்து ஒரு செய்தியைச் சபையில் வைக்கும் வேலை இன்று எங்கும் நடக்கிறது. கம்பெனிக்காரர்கள் தம் வாடிக்கையாளர் முன் பேசுகிறார்கள். நீங்களும் பள்ளி அறிவியல் கண்காட்சியில் நடுவர்கள் முன் பேசுகிறீர்கள். அது சரியாக அமையாவிட்டால் என்ன நேரும்?

பதின்மூன்று தாள்களும் ஒரு தம்ளரும்

1986 ஜனவரி 27, இரவு. மறுநாள் அமெரிக்காவின் 'சாலஞ்சர்' விண்வெளி ஓடம் கிளம்ப வேண்டும். அதன் உந்து ராக்கெட்டுகளைச் செய்த மார்ட்டன் தயோகால் நிறுவனத்தின் பொறியியலாளர்கள் கவலைப்பட்டார்கள். ராக்கெட்டின் மூட்டுகளை அடைக்கும் ரப்பர் வளையங்கள் குளிரில் விறைத்துப் போகுமே! 12 டிகிரி செல்சியசுக்குக் கீழ் ஏவ வேண்டாம் என்று நாசா அதிகாரிகளிடம் தொலைபேசிக் கூட்டத்தில் வாதிட்டார்கள். அவசரமாகத் தயாரித்த 13 தாள்களையும் அனுப்பினார்கள்.

அதிகாரிகள் மறுத்துக் கேட்டார்கள். நிறுவனத்தின் மேலாளர்கள் பின்வாங்கி, ஏவலாம் என்று ஒப்புதல் தந்துவிட்டார்கள். மறுநாள் கிளம்பிய 73 நொடிகளில் ஓடம் சிதறியது. அதில் இருந்த 7 பேரும் மாண்டனர்.

பின்னர் விசாரணைக் குழு பழைய 24 பயணங்களின் கணக்கை ஒன்றாக வைத்துப் பார்த்தது. குளிர் மிகுந்த நாட்களில் நடந்த 4 பயணங்களிலும் வளையங்கள் பாதிக்கப்பட்டிருந்தன. மற்ற 20 பயணங்களில் 3 மட்டுமே அப்படி. கெட்டவற்றோடு கெடாதவற்றையும் ஒரே படத்தில் குறித்திருந்தால், ஆபத்து கண்ணில் அடித்தாற்போல் தெரிந்திருக்கும். அந்தப் படம் அன்றிரவு யார் முன்னும் இல்லை. பொறியியலாளர்கள் அறிந்தது சரி. அது சபையைச் சென்று சேரவில்லை.

அதே விசாரணைக் குழுவில் இருந்த இயற்பியலறிஞர் ரிச்சர்ட் ஃபெயின்மன், பிப்ரவரி 11 அன்று என்ன செய்தார் தெரியுமா? ரப்பர் துண்டை இடுக்கியில் அழுத்தி, ஐஸ் தண்ணீர்த் தம்ளருக்குள் போட்டார். வெளியே எடுத்து இடுக்கியைத் தளர்த்தினார். ரப்பர் உடனே பழைய வடிவுக்குத் திரும்பவில்லை! பார்த்த எல்லோருக்கும் செய்தி விளங்கிவிட்டது.

இனி உங்கள் முறை

உத்திரமேரூருக்கு அருகில் ஓர் ஊரில், நான்கு மாணவர்கள் ஏரிக்குப் பக்கத்திலும் தூரத்திலும் உள்ள கிணறுகளின் நீர்மட்டத்தை ஓராண்டு அளந்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். அதைக் கிராமசபையில் சொல்லப் போகிறார்கள். எப்படித் தயாராக வேண்டும்?

முதலில், கேட்பவர் யார் என்று யோசியுங்கள். உழவர்கள், குடத்தோடு தண்ணீருக்கு அலையும் தாய்மார்கள், ஊராட்சித் தலைவர். அவர்களுக்குச் சூத்திரம் வேண்டாம். என்ன செய்ய வேண்டும் என்பதே வேண்டும்.

அடுத்து, செய்தியை ஒரே வாக்கியமாக எழுதுங்கள். "ஏரியில் நீர் நிற்கும் வரைதான் நம் கிணற்றிலும் நீர், ஆகவே மழைக்கு முன் வரத்துக் கால்வாயைத் தூர் வாருவோம்." நால்வரும் இதை மனதில் கொள்ள வேண்டும். இந்த வாக்கியத்துக்கு உதவாத படத்தையும் பேச்சையும் ஒதுக்கி விடுங்கள்.

பிறகு வேலையைப் பிரியுங்கள். ஒருவர் கேள்வியைச் சொல்லட்டும். ஒருவர் அளந்த விதத்தை. ஒருவர் கண்ட முடிவை. நான்காமவர் செய்ய வேண்டியதை. ஒவ்வொருவரும் அடுத்தவருக்கு வழிவிட்டு முடிக்க வேண்டும். "இதை எப்படி அளந்தோம் என்று இவள் சொல்வாள்" என்றால், கேட்பவருக்கு நூல் அறுவதில்லை.

நான்காவதாக, எல்லாக் கிணறுகளையும் ஒரே அட்டையில் பெரிதாகக் குறியுங்கள். உங்கள் முடிவுக்கு ஒத்துவராத கிணற்றையும் சேர்த்துத்தான்! அதை மறைத்தால், அந்தக் கிணற்றுக்குச் சொந்தக்காரர் எழுந்து கேட்பார். முதலிலேயே காட்டினால் உங்களை நம்புவார்.

கடைசியாக ஒத்திகை. கடிகாரத்தை வைத்துக்கொண்டு மூன்று முறை பேசிப் பாருங்கள். வீட்டுப் பெரியவர்களை உட்கார வைத்து, கேள்வி கேட்கச் சொல்லுங்கள். நால்வரில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் அவர் பகுதியை யார் பேசுவது? அதையும் முன்பே முடிவு செய்யுங்கள்.

செய்து பாருங்கள்

ஓர் அகன்ற தட்டில் மணலை நிரப்புங்கள். ஒரு முனையில் சிறு குழி தோண்டுங்கள், அது கிணறு. மறுமுனையில் பெரிய பள்ளம் செய்து நீர் ஊற்றுங்கள், அது ஏரி. சற்று நேரத்தில் கிணற்றில் தானாக நீர் ஊறும். ஏரி நீரை வெளியே எடுத்துவிடுங்கள். கிணற்று நீர் என்ன ஆகிறது? ஒருவர் ஊற்ற, ஒருவர் விளக்க, இதை உங்கள் வகுப்பின் முன் செய்து காட்டுங்கள். பின்வரிசையில் இருப்பவருக்கும் தெரியும்படி தட்டைத் தூக்கி வைக்க மறந்துவிடாதீர்கள்!