விளக்கெரியா நெடுஞ்சாலைகள்

கண்டியிலிருந்து மாலையிற் புறப்பட்டு யாழ்ப்பாணம் நோக்கிச் செல்லும் வாகனம் வவுனியாவைக் கடக்கும்போது நன்றாக இருட்டிவிடும். அதன்பின் ஏ-9 நெடுஞ்சாலை காட்டினூடும் வயல்வெளியினூடும் நெடுந்தூரம் ஓடுகின்றது. ஊர் வருமிடத்துக் கம்பங்களில் விளக்குகள் சில எரிகின்றன, சில எரிவதில்லை. ஊர் கழிந்ததும் வாகனத்தின் முன்விளக்கன்றி வேறு ஒளி இல்லை. சாரதிக்கு அது பகலிற் பழகிய வீதிதான். எந்த இடத்தில் வளைவு, எந்த இடத்தில் பாலம் என்பதை அவர் நன்கறிவார். ஆயினும் அந்த வேளையில் அவ்வீதியில் யார் நிற்கின்றார், எது படுத்திருக்கின்றது என்பதை அவர் அறியார். இரவுப் பயணத்தின் அபாயத்திற் பெரும்பகுதி இந்த அறியாமையிலிருந்தே பிறக்கின்றது.

இதனைச் சிறியதொரு கணக்கினால் விளக்கலாம். நகர்ப்புறத்துக்கு வெளியே கார்களுக்கு அனுமதிக்கப்பட்ட வேகம் மணித்தியாலத்துக்கு 70 கிலோமீற்றர். அவ்வேகத்திற் செல்லும் கார் ஒரு செக்கனில் 19 மீற்றருக்கு மேற் கடக்கின்றது. முன்னே ஒன்று நிற்பதைக் கண்டு, அது யாதென உணர்ந்து, காலைப் பிரேக்கின் மீது வைப்பதற்கு விழிப்பான சாரதிக்கும் ஏறத்தாழ ஒன்றரைச் செக்கன் செல்லும். அதற்குள் கார் 29 மீற்றர் போய்விடுகின்றது. பின்னர்ச் சக்கரங்கள் பற்றி நிற்பதற்கு, வீதி உலர்ந்திருப்பின், மேலும் 27 மீற்றர் வேண்டும். ஆக மொத்தம் 56 மீற்றர். அதிவேக நெடுஞ்சாலையில் 100 கிலோமீற்றர் வேகத்தில் இத்தூரம் நூறு மீற்றரை எட்டும். மழை பெய்து வீதி நனைந்திருந்தால் அதற்கும் மேலாகும்.

இனி ஒளியின் தூரத்தைப் பார்க்கவேண்டும். எதிரே வாகனம் வரும்போது சாரதிகள் 'டிம்' என்று வழங்கும் தாழ்ந்த ஒளியையே பயன்படுத்துகின்றனர். அவ்வொளியில் கறுத்த உடை அணிந்து வீதியோரம் நடப்பவர் பெரும்பாலும் 30 மீற்றர், கூடினால் 40 மீற்றர் தூரத்திலேதான் கண்ணுக்குப் புலப்படுவார். நிற்பதற்கோ 56 மீற்றர் வேண்டும். ஆகவே அவரைக் கண்ட கணத்திலேயே காரியம் கைமிஞ்சிவிடுகின்றது. முப்பது மீற்றருக்குள் நிறுத்தவேண்டுமாயின் மணித்தியாலத்துக்கு 45 கிலோமீற்றர் வேகத்தைத் தாண்டுதல் கூடாது. இருண்ட நேர்வீதியில் அந்த வேகத்தில் ஓட்டுபவர் மிகச் சிலரே. பின்னால் வருபவர் ஒலியெழுப்பி அவரையும் விரட்டுவார் என்பதும் உண்மையே.

கண்ணும் இவ்விடத்தில் சாரதியை ஏமாற்றுகின்றது. விழித்திரையில் இருவகை உணர்கலங்கள் உள்ளன. கூம்புகள் எனப்படுபவை பேரொளியில் நிறத்தையும் நுட்பத்தையும் காண்பவை. கோல்கள் எனப்படுபவை மங்கிய ஒளியில் உருவத்தை உணர்பவை. ஒளி மிக்க இடத்திலிருந்து இருளுக்குட் புகுந்த கண், கோல்கள் முழுத்திறனையும் அடையும்வரை, இருபது முப்பது நிமிடம் காத்திருக்க வேண்டும். அவ்வாறு பக்குவப்பட்ட கண்ணை எதிரே வரும் லொறியின் உயர்ந்த ஒளி ஒரே கணத்திற் கெடுத்துவிடுகின்றது. அது மீண்டு தெளியச் சில செக்கன்கள் செல்லும். அச்சில செக்கன்களுள் வாகனம் எத்தனை மீற்றர் குருட்டோட்டம் ஓடியிருக்கும் என்பதை மேற்கூறிய கணக்கைக் கொண்டே அறியலாம். வயதும் சேர்ந்துகொள்கின்றது. இருபது வயதுடையவரின் விழித்திரையை எட்டும் ஒளியில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்குதான் அறுபது வயதுடையவரின் விழித்திரையை எட்டுகின்றது. பகலில் இக்குறை தோன்றுவதில்லை. ஆதலின் அவர் தமது பார்வையிற் குறையில்லை என்றே எண்ணியிருப்பார்.

வீதி விளக்கின் பயன் ஊரை அழகுபடுத்துதல் அன்று. சாரதிக்குப் போதாத அந்த இருபது முப்பது மீற்றரை ஈடுசெய்வதே அதன் தலையாய பணி. அது அப்பணியைச் செய்யும் விதம் பலர் நினைப்பதற்கு மாறானது. உயரத்திலிருந்து விழும் ஒளி முதலில் வீதியின் தளத்தையே வெளிச்சமாக்குகின்றது. தூரத்தே நிற்கும் மனிதனோ மாடோ அவ்வெளிச்சத்தின் முன்னே கருநிழல் உருவமாகத் தெரிகின்றது. முகம் தெரியாவிட்டாலும் ஓர் உருவம் நிற்கின்றதென்பது நூறு மீற்றருக்கு அப்பாலேயே விளங்கிவிடும். வாகனத்தின் முன்விளக்கு இதற்கு நேர்மாறானது. அது பொருளை வெளிச்சமாக்கிப் பின்புலத்தை இருளில் விடுகின்றது.

விளக்குகள் ஒன்றுவிட்டு ஒன்று எரியும் வீதியின் கேடு இங்கேதான் உண்டு. எரியும் கம்பத்துக்கும் எரியாத கம்பத்துக்கும் இடையே நிற்பவர் மீது முன்விளக்கின் ஒளி சிறிது படுகின்றது; அவருக்குப் பின்னால் வீதித்தளமும் சிறிது வெளிச்சமாக இருக்கின்றது. இரண்டும் ஒத்துப்போகுமிடத்தில் அவரது உருவம் பின்புலத்தோடு கலந்து மறைந்துவிடும். அவர் கரிய நிழலாகவும் தெரியமாட்டார், வெளிச்ச உருவாகவும் தெரியமாட்டார். அன்றியும், வெளிச்சத்துள் நுழைந்து நுழைந்து வெளிவரும் கண் இருளுக்குப் பழகுவதற்கு அவகாசமே பெறுவதில்லை. கம்பங்கள் வரிசையாக நிற்பதைக் கண்ட சாரதியோ, விளக்குள்ள வீதி என்ற நம்பிக்கையில் வேகத்தைக் குறைப்பதுமில்லை. அரைகுறையாக எரியும் வரிசையை விட முழுதும் இருண்ட வீதியே மேலென்று சொல்வதற்குச் சில இடங்களில் நியாயம் உண்டு. அங்கே சாரதி தாம் இருளில் இருப்பதையாவது அறிந்திருக்கின்றார்.

விளக்குகள் அணைந்து கிடப்பதற்குக் காரணங்கள் பல. மின்குமிழ் பழுதுறுதல் மிகச் சாதாரணமானது. மஞ்சள் ஒளி தரும் உயரழுத்தச் சோடியம் விளக்கு, ஆயுள் முடியும் தறுவாயில் எரிந்து, சூடேறி, அணைந்து, ஆறியபின் மறுபடி எரியும். பகலிற் சோதிக்க வருபவருக்கு இக்குறை புலப்படாது. பொழுதறிந்து விளக்கை ஏற்றும் ஒளியுணர்கருவி பழுதாயின் விளக்கு பகலெல்லாம் எரிந்து வீணாகும். அல்லது இரவெல்லாம் அணைந்திருக்கும். செப்புக் கம்பிக்குக் கிடைக்கும் விலையினால் நிலத்தடி வடங்களைத் தோண்டி எடுத்துச் செல்லும் களவு பல நாடுகளில் நெடுஞ்சாலை விளக்குகளைக் கூட்டங்கூட்டமாக அணைத்திருக்கின்றது. இலங்கையில் ஊர் வீதிகளின் விளக்குகளைப் பராமரிக்கும் பொறுப்புப் பெரும்பாலும் உள்ளூராட்சி மன்றங்களைச் சார்ந்தது. அம்மன்றங்களின் பணப்பை எத்தகையது என்பது யாவரும் அறிந்ததே. 2022 ஆம் ஆண்டு பொருளாதார நெருக்கடியின்போது மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை நீண்டது. அவ்வாண்டு மார்ச் இறுதியில், நாடெங்கும் வீதி விளக்குகளை அணைக்குமாறு அதிகாரிகள் பணிக்கப்பட்டுள்ளனர் என்று மின்சக்தி அமைச்சர் அறிவித்தார்.

விளக்கை அணைப்பதனால் உயிர்கள் போகின்றனவா என்ற வினாவுக்குப் பிரித்தானியாவின் அனுபவம் இருவேறு விடைகள் தருகின்றது. 1939 செப்டெம்பரிற் போர் தொடங்கியதும், ஆகாய விமானங்களுக்கு ஊர் தெரியாதிருக்கும் பொருட்டு அந்நாட்டில் வீதி விளக்குகள் முழுதும் அணைக்கப்பட்டன. வாகனங்களின் முன்விளக்குகளுக்கும் மூடிகள் இடப்பட்டன. வீதி மரணங்கள் அம்மாதத்தில் முந்திய ஆண்டின் அதே மாதத்தைவிட ஏறத்தாழ இருமடங்காயின. நடப்பவர் கையில் வெள்ளைப் பத்திரிகையை ஏந்திச் செல்லலாயினர். வீதியோரக் கற்களுக்கும் மரங்களுக்கும் வெள்ளை பூசப்பட்டது. 1940 பெப்ரவரியில், இருளில் ஊர்ப்புறங்களிற் செல்லும் வாகனங்களுக்கு 20 மைல் வேக எல்லை விதிக்கப்பட்டது. பெற்றோல் பங்கீட்டினால் வாகனங்கள் குறைந்திருந்தும் 1941 இல் 9,169 பேர் வீதியில் இறந்தனர். அந்நாட்டில் எந்த ஆண்டிலும் அத்தொகை மிஞ்சப்படவில்லை.

மற்றைய விடை 2015 இல் வந்தது. செலவைக் குறைக்கும் பொருட்டு இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பல உள்ளூராட்சிகள் நள்ளிரவுக்குப்பின் விளக்குகளை அணைத்தும் மங்கச்செய்தும் வந்தன. இலண்டன் சுகாதார, வெப்பமண்டல மருத்துவக் கல்லூரியைச் சார்ந்த ஆய்வாளர் அத்தகைய 62 உள்ளூராட்சிகளின் கணக்குகளை ஆராய்ந்து, அதனால் இரவு விபத்துகள் கூடியமைக்குச் சான்றில்லை என்று கண்டனர்.

இவ்விரண்டாவது விடையைக் கொண்டு விளக்குகள் வேண்டியதில்லை என்று சொல்ல முற்படுவோர் ஒன்றை மறந்துவிடுகின்றனர். அவ்வீதிகளில் நடப்போருக்குத் தனிநடைபாதை உண்டு. கோடுகள் தெளிவாக உண்டு. கோடுகளின் மீது ஒளிதெறிக்கும் கண்ணாடிகள் உண்டு. நள்ளிரவில் அங்கே நடமாடுவோரும் மிகச் சிலர். ஏ-9 வீதியிலோ, மட்டக்களப்பு வீதியிலோ ஓட்டுபவரின் முன்னே தோன்றுவன வேறு. பின்விளக்கில்லாத துவிச்சக்கர வண்டி தோன்றும். நெல்மூடை ஏற்றி மெல்லச் செல்லும் உழவு இயந்திரத்தின் பெட்டி தோன்றும்; அதன் பின்புறம் சேறு படிந்த இரும்புத் தகடேயன்றி வேறில்லை. பகலின் வெப்பம் தங்கிய தார்த்தளத்தில் மாடுகள் இளஞ்சூட்டுக்காகப் படுத்திருக்கும். அறுவடைக் காலத்தில் வீதியோரம் நெல் காயவிட்டவர் எல்லைக்கு வைத்த கற்களை எடுக்க மறந்து போயிருப்பார். ஹபரணையைச் சூழ்ந்த வீதிகளில் யானை நிற்கும். தாழ்ந்த ஒளி அதன் கால்களையே காட்டும். உடல் ஒளிக்கு மேலே இருளில் இருக்கும். கால்கள் மரத்தடியென்றே தோன்றும். முன்னே குண்டும் குழியுமாயிருந்த வீதி சாரதியை வேண்டாவிடினும் மெதுவாகச் செல்லவைத்தது; இன்றைய 'காபெட்' வீதி அந்தத் தடையையும் நீக்கிவிட்டது.

எல்லா நெடுஞ்சாலைக்கும் விளக்கிடுதல் எந்நாட்டுக்கும் இயலாத செலவு. ஆனால் ஒளியைத் தெறிக்கும் பொருள் மிக மலிவு. யோர்க்ஷயர் மாநிலத்தின் ஹலிபாக்ஸ் நகரைச் சேர்ந்த பேர்சி ஷோ என்பவர் 1934 இல் 'பூனைக்கண்' எனப்படும் வீதிக்கண்ணாடிக்கு உரிமைப்பத்திரம் பெற்றார். ரப்பரிற் பதித்த கண்ணாடி மணிகள், தம்மேல் விழும் ஒளியை அது வந்த திசைக்கே திருப்பி அனுப்பும். சக்கரம் ஏறும்போது ரப்பர் அழுந்திக் கண்ணாடியைத் தானே துடைத்துக்கொள்ளும். மேலே சொன்ன போர்க்கால இருளிலேதான் அதன் அருமை அந்நாட்டினருக்கு விளங்கியது. இதே தத்துவத்தில் அமைந்த ஒட்டுப்பட்டையொன்றைத் துவிச்சக்கர வண்டியின் பின்மட்காட்டிலோ உழவு இயந்திரப் பெட்டியின் இரு மூலைகளிலோ ஒட்டினால், முப்பது மீற்றரில் தெரிந்த பொருள் நூற்றைம்பது மீற்றருக்கு அப்பாலும் தெரியும். அதற்கு மின்சாரம் வேண்டியதில்லை. எந்த மன்றத்தின் அனுமதியும் வேண்டியதில்லை. பள்ளி விட்டுத் தனியார் வகுப்புக்குச் சென்று இருட்டியபின் வீடு திரும்பும் பிள்ளையின் பையிலும் அதனை ஒட்டலாம்.

சாரதி செய்யத்தக்கனவும் சில உள. எதிர்வரும் ஒளியை நேரே நோக்காது வீதியின் இடதுபுற ஓரக்கோட்டின் மீது பார்வையைச் செலுத்துதல் வேண்டும். எதிர்வாகனம் கடந்த அக்கணத்தில் விரைவுபடுத்தலாகாது. அதன் ஒளிக்குப் பின்னே மறைந்திருந்த துவிச்சக்கர வண்டி அப்போதுதான் வெளிப்படும். வாகனத்தின் உள்விளக்கையும் கைத்தொலைபேசியின் ஒளியையும் அணைத்து வைத்தல் நன்று. இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை இறங்கி நடத்தலும் வேண்டும். நித்திரை மயக்கத்திலிருப்பவருக்கு எந்த விளக்கும் உதவாது.

வடக்கே செல்லும் சாரதிகளுக்கு இவ்வகையில் ஒரு நல்ல வழக்கம் முன்பே உண்டு. முறிகண்டிப் பிள்ளையார் கோயிலைக் கண்டதும் வாகனங்கள் நிற்கின்றன. சாரதி இறங்கித் தேங்காய் உடைக்கின்றார். பயணிகள் கச்சான் வாங்குகின்றனர். அவ்வேளையிலே ஈரத்துணியொன்றை எடுத்து முன்விளக்குக் கண்ணாடிகளையும் காற்றுக்கண்ணாடியையும் துடைத்துவிட்டால், வழிநெடுக அவற்றில் மோதி ஒட்டிய பூச்சிகளும் புழுதியும் மறைத்திருந்த ஒளி கிளிநொச்சிக்குப் போகுமுன்னரே வீதிக்குத் திரும்பிவிடும்.