ஸ்கூபா படிவத்தில் கையெழுத்துப் போடும் முன்

சென்னையிலிருந்து விமானம் ஏறினால் இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலில் அந்தமான். தேனிலவுக்கோ குடும்பத்தோடோ போகிறவர்களின் பயணத் திட்டத்தில், ஹேவ்லாக் என்று நாம் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கும் ஸ்வராஜ் தீவில், சுவாசக் கருவியோடு கடலுக்குள் இறங்கும் ஒரு ஸ்கூபா கட்டாயம் இருக்கும். ‘நீச்சல் தெரியத் தேவையில்லை’ என்பார்கள். அது பொய்யில்லை. முதன்முறை இறங்குபவரைப் பயிற்றுநர் பிடித்துக்கொண்டே அழைத்துப் போவார். அதிகபட்சம் 12 மீட்டர் ஆழம்தான். அந்தத் தீவின் நீமோ ரீஃபில் கரையிலிருந்தே நடந்து இறங்கி, கோமாளி மீனைப் பார்த்துவிட்டு வந்துவிடலாம்.

இறங்குவதற்கு முன் கையில் இரண்டு தாள்களைக் கொடுப்பார்கள். ஒன்று உடல்நலக் கேள்விகள். மற்றது, ‘எது நடந்தாலும் நிறுவனம் பொறுப்பல்ல’ என்ற உறுதிமொழி. நம்மவர்கள் இரண்டையும் படிக்காமலே கையெழுத்துப் போடுகிறார்கள். முதல் தாளை அலட்சியமாக நினைப்பதும், இரண்டாவதைப் பார்த்து உரிமையே போய்விட்டதாக நினைப்பதும் தவறு.

ஆஸ்துமா, இதயக் கோளாறு, வலிப்பு, காதில் அறுவைச் சிகிச்சை, கர்ப்பம் என்று முதல் தாள் கேட்பதற்குக் காரணம் உண்டு. பலர் நினைப்பதுபோல முதுகில் ஏற்றுவது ஆக்சிஜன் சிலிண்டர் அல்ல. அதில் இருப்பது அழுத்தி அடைக்கப்பட்ட சாதாரணக் காற்று. 10 மீட்டர் ஆழத்தில் நீரின் அழுத்தம் மேற்பரப்பைப்போல் இரண்டு மடங்கு. அங்கே நுரையீரல் நிறைய மூச்சை இழுத்து அடக்கிக்கொண்டு மேலே வந்தால், அந்தக் காற்று இரண்டு மடங்காக விரியப் பார்க்கும். நுரையீரல் கிழியும், காற்றுக் குமிழி ரத்தத்தில் கலந்து மூளைக்கும் போகலாம். இதற்குப் பெரிய ஆழம் வேண்டியதில்லை, ஒன்றரை மீட்டரே போதும். பயந்துபோனவர் இயல்பாகச் செய்வது மூச்சை அடக்கிக்கொண்டு மேலே பாய்வதுதான் என்பதால், ‘மூச்சை நிறுத்தாதீர்கள்’ என்பதே ஸ்கூபாவின் முதல் பாடம். ஆஸ்துமாக்காரருக்கு மூச்சுக்குழாய் சுருங்கினாலும் காற்று உள்ளேயே சிக்கும். ஆகவே ‘இல்லை’ என்று பொய்யாக டிக் அடிக்காதீர்கள். சந்தேகம் இருந்தால் ஊரிலேயே மருத்துவரிடம் சான்று வாங்கிக்கொண்டு போங்கள். சளி பிடித்திருந்தால் அன்றைக்கு இறங்கவே வேண்டாம். மூக்கைப் பிடித்து ஊதிக் காதின் அழுத்தத்தைச் சமன்செய்ய முடியாமல் வலியோடு இறங்கினால் செவிப்பறை கிழியும்.

இரண்டாவது தாளுக்கு வருவோம். நீங்கள் பணம் கொடுத்துச் சேவை பெறும் நுகர்வோர். கடலின் இயல்பான ஆபத்தை ஏற்கிறேன் என்று நீங்கள் எழுதிக்கொடுக்கலாம்; அதனால் நிறுவனத்தின் அலட்சியத்துக்கு மன்னிப்புக் கிடைத்துவிடாது. மூச்சுக்குக் காற்றைத் தரும் ரெகுலேட்டரைப் பழுதோடு கொடுத்தாலும், தகுதியில்லாத ஆளோடு அனுப்பினாலும் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி அது சேவைக் குறைபாடு. ஒருதலைப்பட்சமான ஒப்பந்தத்தை எதிர்த்து மாநில நுகர்வோர் ஆணையத்துக்குப் போகவும் அதே சட்டம் வழிவிடுகிறது. அலட்சியத்தால் உயிர் போனால் அது குற்ற வழக்கு. எந்தத் தாளும் அதைத் தடுக்காது. ஆனால் முதல் தாளில் பொய் எழுதியிருந்தால், நிறுவனத்தின் வக்கீல் முதலில் எடுத்துக் காட்டுவது அதைத்தான். காப்பீட்டையும் பாருங்கள். பல பயணக் காப்பீடுகள் சாகச விளையாட்டுகளை விலக்கிவைத்திருக்கும்.

பணம் கட்டுமுன் கேள்வி கேட்பதும் உங்கள் உரிமைதான். பயிற்றுநரின் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். நல்லவர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். ஒரு பயிற்றுநருக்கு எத்தனை பேர், அவசர ஆக்சிஜன் பெட்டி இருக்கிறதா, கடல் மோசமானால் பணம் திரும்ப வருமா என்று கேளுங்கள். வீடியோ எடுத்துத் தருவதாகச் சொன்னால் கேமராவைப் பிடிப்பவர் யார் என்றும் கேளுங்கள். உங்களைப் பிடிக்க வேண்டியவரே அதையும் பிடிக்கிறார் என்றால் அந்த இடம் வேண்டாம். சான்றிதழ் பெற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை: ஆரம்பநிலைச் சான்றான ஓப்பன் வாட்டர் அட்டை 18 மீட்டர் ஆழத்துக்குத்தான். டிக்சன்ஸ் பினாக்கிள், ஜானிஸ் கார்ஜ் போன்ற இடங்கள் அதைவிட ஆழமாக இறங்குபவை, நீரோட்டமும் உண்டு. நண்பர் கூப்பிட்டார் என்று போகாதீர்கள்.

எனக்கு அதிகம் கவலை தருவது டிராவல்ஸ்காரர் போட்டுத்தரும் அட்டவணை. கடைசி நாள் காலையில் ஸ்கூபா, மதியம் படகு, மாலையில் விமானம். ஆழத்தில் சுவாசித்த நைட்ரஜன் உடலில் கரைந்திருக்கும். அது வெளியேறுமுன் உயரே பறந்தால், சோடா பாட்டிலைத் திறந்ததுபோலக் குமிழிகள் கிளம்பும். ஒருமுறை இறங்கியவர் குறைந்தது 12 மணி நேரமும், பலமுறை இறங்கியவர் 18 மணி நேரமும் விமானம் ஏறக்கூடாது. 24 மணி நேரம் விட்டால் இன்னும் நல்லது. மூட்டுவலி, மரத்துப்போதல், தலைசுற்றல், காரணமில்லாத அசதி என்று எது வந்தாலும் ‘அலைச்சல்’ என்று படுத்துவிடாதீர்கள். உடனே ஆக்சிஜன் கொடுக்கச் செய்து மருத்துவமனைக்குப் போக வேண்டும். இந்தக் குமிழிகளுக்கான அழுத்த அறைச் சிகிச்சையை ஸ்வராஜ் தீவில் எதிர்பார்க்க முடியாது. போர்ட் பிளேருக்கு, அதாவது இன்றைய ஸ்ரீ விஜயபுரத்துக்குத்தான் கடல் தாண்டிப் போயாக வேண்டும்.

ஏதாவது நடந்துவிட்டால் ரசீது, படிவத்தின் நகல், பயிற்றுநரின் பெயர், வீடியோ, மருத்துவக் குறிப்பு எல்லாவற்றையும் அங்கேயே வாங்கிவிடுங்கள். ஊர் திரும்பிய பிறகு கேட்டால் கிடைப்பது கடினம். காயமோ மரணமோ என்றால் உள்ளூர்க் காவல் நிலையத்தில் எழுத்தில் புகார் கொடுங்கள். பணத்தகராறு என்றால் முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். வழக்குப் போட அந்தமானுக்கு அலைய வேண்டியதில்லை. நீங்கள் மதுரைக்காரர் என்றால் மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே மனுக் கொடுக்கலாம். விசாரணையில் காணொலி வழியாகக் கலந்துகொள்ளவும் கேட்கலாம். நீங்கள் செலுத்திய தொகை 5 லட்ச ரூபாய்க்குள் இருந்தால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. சம்பவம் நடந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் மனுவைக் கொடுத்துவிடுங்கள்.