வடவெல்லை யாது?

குடந்தை நகரை அடுத்து, நெல்வயல்களும் தென்னஞ்சோலைகளும் சூழ விளங்குவது தாராசுரம் என்னும் ஊர். 12 ஆம் நூற்றாண்டில் இரண்டாம் இராசராச சோழன் எடுப்பித்த ஐராவதேசுவரர் கோயில் அவ்வூருக்கு அணிகலனாகத் திகழ்கின்றது. அவன் பெயரால் இராசராசபுரம் என வழங்கிய ஊரே நாளடைவில் தாராசுரம் எனத் திரிந்தது. கல்லாலான உருளைகளும், அவற்றை ஈர்த்துப் பாயும் குதிரைகளும் பொருந்தித் தேர்போல் நிற்கும் அதன் முன்மண்டபத்தைக் கண்டோர், இது தென்னகத்துக்கே உரிய கலை எனப் போற்றுவர். போற்றுதல் தகும். ஆயினும், அக்கோயிலில் நெடுங்காலம் நின்ற வாயிற்காவலர் ஒருவர் வடக்கிருந்து வந்தவர்.

மாணவர்களே, பள்ளிச் சொற்போர்களில் 'வடநாடு எங்கே முடிகிறது, தென்னாடு எங்கே தொடங்குகிறது?' என்னும் வினா எழுவதுண்டு. விந்திய மலை என்பார் ஒருவர். கிருட்டிணை ஆறு என்பார் மற்றொருவர். வேங்கட மலை என்பார் வேறொருவர். இவ்வழக்கில் அவ்வாயிற்காவலரைச் சான்றாக அழைத்துக் கேட்போம்.

11 ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் முதலாம் இராசாதிராச சோழன் மேலைச் சாளுக்கியரின் தலைநகராகிய கல்யாணபுரத்தைத் தாக்கி அழித்தான். வெற்றியின் அடையாளமாக அங்கிருந்த துவாரபாலகர் சிலை ஒன்றைச் சோழநாட்டுக்குக் கொணர்ந்தான். கல்யாணபுரத்தை எறிந்து கொணர்ந்தது என்னும் செய்தி அச்சிலையின் பீடத்தில் தமிழில் பொறிக்கப்பட்டது. பின்னர்த் தாராசுரத்தில் இருந்த அச்சிலை, இப்பொழுது தஞ்சை அரண்மனைக் கலைக்கூடத்தில் உள்ளது. அன்றைய சோழ வீரனுக்குக் கல்யாணபுரம் வடபுலத்துப் பகைவரின் ஊர். அவ்வூர் இன்று கருநாடக மாநிலத்துப் பீதர் மாவட்டத்தில் பசவகல்யாண் என வழங்குகின்றது. 1956 ஆம் ஆண்டு மாநிலங்களைத் திருத்தி அமைத்த சட்டம், அவ்வூரை ஐதராபாத்திலிருந்து பிரித்து மைசூர் மாநிலத்தில் சேர்த்தது. அதே சட்டம் மைசூரைப் பம்பாயோடு இணைத்து மேற்கு மண்டலத்தில் வைத்தது! பின்னரே அம்மாநிலம் தென்மண்டலத்துக்கு மாற்றப்பட்டது. இன்று தில்லியில் வாழ்வோர் பசவகல்யாணைத் தென்னாட்டு ஊர் என்றே சொல்வர். ஊர் இருந்த இடத்திலேயே இருக்கின்றது. அதன் திசைதான் இரண்டு முறை மாறிவிட்டது.

கோயிலை எடுப்பித்த அரசனின் குடிவழியும் ஈண்டு எண்ணத்தக்கது. இரண்டாம் இராசராசனின் முப்பாட்டனாகிய முதற் குலோத்துங்கன், வேங்கிநாட்டுக் கீழைச் சாளுக்கிய மன்னனுக்கும் முதலாம் இராசேந்திரன் மகள் அம்மங்கைதேவிக்கும் பிறந்தவன். சாளுக்கியரை வென்று கொணர்ந்த சிலை, தந்தைவழியில் சாளுக்கியனான ஒரு சோழன் கட்டிய கோயிலில் நின்றது என்பது வரலாறு தரும் வியப்பு.

தமிழர் தம் எல்லையை அறியாதவர் அல்லர். வடக்கே வேங்கடமும் தெற்கே குமரியும் தமிழ் வழங்கும் நிலத்தின் எல்லைகள் எனத் தொல்காப்பியப் பாயிரம் வகுக்கின்றது. இங்கு எல்லையாக அமைவது மொழி. அரசனின் வாள் அன்று. இவ்வெல்லையின் பொருட்டு அண்மைக் காலத்திலும் பெரும் போராட்டம் நிகழ்ந்தது. 1953 ஆம் ஆண்டு ஆந்திர மாநிலம் பிரிந்தபொழுது திருத்தணிப் பகுதி சித்தூர் மாவட்டத்தோடு அங்கே சென்றது. ம. பொ. சிவஞானம் முதலியோர் வடக்கெல்லைக்காகக் கிளர்ந்தனர். பலர் சிறை புகுந்தனர். 1960 ஆம் ஆண்டு ஏப்ரல் 1 ஆம் நாள் திருத்தணி சென்னை மாநிலத்தை வந்தடைந்தது. வேங்கடம் ஆந்திரத்திலேயே நின்றுவிட்டது.

அப்போராட்டம் வீண் என்று எண்ணற்க. உழவன் தன் நிலத்தின் பட்டாவைத் தானே படித்தறியவும், வழக்காடுவோன் தன் வழக்கின் போக்கை உணரவும், சிறுவன் தாய்மொழியில் கற்கவும் ஆட்சியின் எல்லை மொழியைத் தழுவிச் செல்லவே வேண்டும். ஆனால், ஆட்சிக்குப் பொருந்தும் அவ்வளவுகோல் பண்பாட்டுக்கும் பொருந்துமோ? பொருந்தாது என்பதே எம் கருத்து.

முதலில் கோயிற் கலையை எடுத்துக்கொள்வோம். இமயம் முதல் விந்தியம் வரை நாகரம், விந்தியம் முதல் கிருட்டிணை வரை வேசரம், கிருட்டிணை முதல் குமரி வரை திராவிடம் எனச் சிற்பநூல்கள் சில பிரிக்கும். சொல்வதற்கு எளிது, கற்கள் அதற்கு அடங்கவில்லை. கிருட்டிணைக்கு வடக்கே நெடுந்தொலைவில் உள்ள எல்லோராவின் கயிலாசநாதர் கோயில் திராவிட அமைப்புடையது. கருநாடகத்துப் பட்டடக்கல்லிலோ, திராவிட விமானம் கொண்ட விரூபாட்சர் கோயிலும், நாகரச் சிகரம் கொண்ட பாபநாதர் கோயிலும் ஒரே ஊரில் உள்ளன. இவற்றுள் விரூபாட்சர் கோயில், சாளுக்கிய மன்னன் இரண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சியை வென்றதன் நினைவாக அவன் அரசி எடுப்பித்தது. வென்ற காஞ்சியின் கயிலாசநாதர் கோயிலையே அது பெரிதும் பின்பற்றியது! பகைவரின் காவலரைச் சோழர் கொணர்ந்தமை போல, பகைவரின் கட்டடக் கலையைச் சாளுக்கியர் கொண்டு சென்றனர்.

உணவைக் கொண்டு பிரிக்கலாம் என்பாரும் உளர். காவிரிப் படுகையில் பிறந்த நமக்கு அரிசி தெற்கு, கோதுமை வடக்கு எனத் தோன்றுதல் இயல்பு. வங்காளமும் ஒடிசாவும் அசாமும் சோறுண்ணும் நாடுகள் என்பதை நினைத்த அளவில் அக்கோடு அழிந்துவிடும்.

மணமுறை இவற்றினும் நுண்ணிய அளவுகோல். மாமன் மகளை மணத்தல் தென்னாட்டில் உரிமை. வடநாட்டிலோ அவள் உடன்பிறந்தாளுக்கு ஒப்பாவாள். இராவதி கார்வே என்னும் அறிஞர் 1953 ஆம் ஆண்டு வெளியிட்ட தம் நூலில் உறவுமுறைகளை ஆராய்ந்து நாட்டை மண்டலங்களாகப் பகுத்தார். மராட்டிய நாட்டில் மாமன் மகளை மணக்கும் வழக்கம் பலரிடம் உண்டு. அத்தை மகளை மணத்தல் பெரும்பாலும் விலக்கு. மொழியால் வடக்கைச் சார்ந்த மராட்டியம், மணமுறையால் பாதித் தெற்காகின்றது. இக்கணக்கில் எல்லை ஒரு கோடாக இராது. பல நாள் நடந்து கடக்கவேண்டிய அகன்ற நிலமாக இருக்கும்.

அந்நிலத்தைக் கடந்து வந்தவர்களைக் காண நாம் தொலைவு செல்லவேண்டுவதில்லை. தாராசுரத்துத் தெருக்களுக்கே செல்லலாம். கோயிலைக் கண்டு திரும்பும் வழியில் தறியின் ஒலி கேட்கும். பட்டு நெய்யும் சௌராட்டிரர் அங்குப் பலர் வாழ்கின்றனர். பட்டுநூற்காரர் என முன்னாளில் அழைக்கப்பெற்ற இவர்களின் முன்னோர் கூர்ச்சர நாட்டிலிருந்து தலைமுறை தலைமுறையாகத் தெற்கு நோக்கிப் பெயர்ந்தவர்கள். வீட்டில் இவர்கள் பேசும் மொழி குசராத்திக்கும் மராத்திக்கும் உறவுடையது. அதனுள் தெலுங்குச் சொற்களும் கன்னடச் சொற்களும் மிகுதியாகக் கலந்துள்ளன. அவர்கள் நடந்து வந்த வழி அச்சொற்களிலே பதிந்து கிடக்கின்றது. மேல் வந்து படிந்தது தமிழ்.

இவர்களை வடவர் என்பதா, தென்னவர் என்பதா? மொழிநூலார் வடக்கு என்பர். மாமன் மகளை மணக்கும் வழக்கம் இவர்களிடையேயும் உண்டாதலின், உறவுமுறை ஆய்வோர் தெற்கு என்பர். தறியில் அமர்ந்திருக்கும் முதியவர், பாவில் இழை அறுந்தால் தம் மகனைச் சௌராட்டிரத்தில் அழைப்பார். வாயிலில் வந்து நிற்கும் வணிகரிடம் தஞ்சைத் தமிழில் விலை பேசுவார். மாலையில் ஐராவதேசுவரர் கோயிலின் திருச்சுற்றை வலம் வருவார்.