பெட்டியின் மேல் ஒரு எண்ணை அச்சிட்டால் என்ன?

பலெர்மோ நகரை ஒட்டி நிற்கிறது மொந்தே பெல்லெக்ரினோ மலை. உயரம் சுமார் 600 மீட்டர். மேலே புனித ரோசாலியாவின் குகைக் கோயில். இங்குள்ள ஈழத்தமிழர்கள், இந்துக்களும்கூட, நேர்த்திக்கு நடந்தே ஏறுவார்கள். வாரம் முழுக்க கம்ப்யூட்டர் முன்னால் உட்காரும் நான் சைக்கிளில் ஏறுகிறேன்.

என் சைக்கிளில் பெடல் பக்கம் இரண்டு பல்சக்கரம் இருந்தது. அதை ஒன்றாக்க நினைத்தேன். ஸ்ராம் நிறுவனம் 2012-ல் எக்ஸ்எக்ஸ்1 கொண்டுவந்த பிறகு மலை சைக்கிள்களில் இதுதான் வழக்கம். முன்பக்க கியர் மாற்றி, லீவர், கேபிள் மூன்றும் மிச்சம். ஆனால் ஏற்றத்துக்குப் பின்னால் 42 பல் கொண்ட பெரிய சக்கரம் வேண்டும். அதைத் தாங்கப் புது டீரெய்லர், அதாவது செயினைப் பல்லுக்குப் பல் நகர்த்தும் பாகம் வேண்டும்.

என் ஷிஃப்டர் பழைய 10 ஸ்பீடு. ஆன்லைனில் 11 ஸ்பீடு டீரெய்லர் மலிவாகக் கிடைத்தது. 'ஒரே கம்பெனி, ஒரு வெர்ஷன்தானே அதிகம்' என்று வாங்கிப் போட்டேன். சாப்ட்வேர்காரன் புத்தி! மலை வளைவில், எழுந்து நின்று மிதிக்கும்போது செயின் நழுவியது. முழங்கால் ஹேண்டில்பாரில் இடித்தது. பின்னால் வந்த கார் நூலிழையில் விலகிப் போனது.

சைக்கிள் ரிப்பேர் தெரிந்த யாழ்ப்பாணத்து அண்ணா ஒருவர் பார்த்துவிட்டுச் சிரித்தார். "தம்பி, பேர் ஒண்டுதான், இழுவை வேற. உது சரிவராது."

இழுவை என்றால் என்ன? ஷிஃப்டரை ஒரு கிளிக் அழுத்தினால் கேபிள் இத்தனை மில்லிமீட்டர் இழுபடும். அதை டீரெய்லர் ஒரு விகிதத்தில் பெருக்கி நகரும். அந்தப் பெருக்கல் விடை, பின் சக்கரப் பற்களுக்கு இடையிலான தூரத்துக்குச் சமமாக இருக்க வேண்டும். என் பழைய ஷிஃப்டர் இழுப்பது சுமார் 3.4 மி.மீ.; அதற்கான விகிதம் 1.2 போல. நான் வாங்கியதில் 1.1. கிளிக்குக்கு 0.3 மி.மீ. பிசகு. ஒன்பது கிளிக்கில் மூன்று மி.மீ.! பற்களின் இடைவெளியே நான்கு மி.மீ. சுற்றளவில்தான்.

எனவே வாங்கும் முன் நான்கைப் பாருங்கள். முதலில் இழுவை. அடுத்து, டீரெய்லர் ஏற்கும் பெரிய பல்சக்கரம். மூன்றாவது, அது சமாளிக்கும் செயின் தொய்வு: முன்னால் ஒற்றைச் சக்கரம் என்றால் 42-லிருந்து 11 கழித்து 31. இந்தக் கணக்கு சரியாக வந்தாலும் ஏமாறாதீர்கள். 28 பல்லுக்குச் செய்த டீரெய்லர் 42 பல்லில் உரசும். நான்காவது, கிளட்ச். முன்னால் செயினைப் பிடித்துவைக்க வேறு பாகம் இல்லாததால், குலுங்கும் பாதையில் அதுதான் காவல்.

கடைசியில் 11 ஸ்பீடு ஷிஃப்டர், கேசட், செயின் மூன்றும் வாங்கினேன். மலிவு என்று ஆரம்பித்தது நன்றாகவே கையைக் கடித்தது.

தவறு என்னுடையதுதான். ஆனாலும் கேட்கிறேன்: இழுவை விகிதத்தைப் பெட்டியின் மேல் அச்சிட்டால் என்ன? சில வரிசைகளில் பத்தும் பதினொன்றும் சேரும், சிலவற்றில் சேராது. வாங்குபவர் எப்படிக் கண்டுபிடிப்பார்? ஐரோப்பாவில் 2024 இறுதியிலிருந்து புது போன்களுக்கு ஒரே சார்ஜர் முனை. சைக்கிளுக்கும் இது முடியாததல்ல. ஷிமானோ 2023-ல் கொண்டுவந்த க்யூஸ் வரிசையில் 9, 10, 11 ஸ்பீடு மூன்றுக்கும் ஒரே இழுவைதான்.

எல்லாக் கம்பெனியும் ஒன்றாக வேண்டாம். எண்ணை மட்டும் சொல்லட்டும். ஈ.சி.ஆர். ஓரத்துக் கடையில் ஒரு பாகத்தைக் கையில் வைத்து யோசிக்கும் பையனுக்கு அதுவே போதும்.