உங்களுக்குத் தெரியுமா? பத்து ரூபாய் டீ செய்யும் வேலை

மனசு சரியில்லாத நாளில் நமக்கென்று எதையாவது வாங்கிக்கொண்டால் தேறிவிடும் என்றுதான் பலரும் நினைக்கிறோம். கனடாவின் வான்கூவரில் உளவியலாளர் எலிசபெத் டன் குழுவினர் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். முடிவு 2008இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியானது.

காலையில் 46 பேரிடம், ‘எவ்வளவு மகிழ்ச்சியாக இருக்கிறீர்கள்?’ என்று கேட்டுக் குறித்துக்கொண்டு, ஆளுக்கொரு கவர் கொடுத்தார்கள். சிலர் கவரில் 5 டாலர், சிலர் கவரில் 20. மாலை 5 மணிக்குள் செலவழித்துவிட வேண்டும். ஒரு பிரிவினர் தங்களுக்காக. மற்றவர்கள் யாருக்காவது பரிசாகவோ தர்மமாகவோ. மாலையில் போன் செய்து கேட்டால், பிறருக்குச் செலவழித்தவர்களே கூடுதல் மகிழ்ச்சியில் இருந்தார்கள். தொகை 5ஆ 20ஆ என்பது பொருட்டாகவே இல்லை!

எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது இன்னொன்று. வேறு சிலரிடம் முடிவை ஊகிக்கச் சொன்னபோது, பெரும்பாலோர் நேர்மாறாகச் சொன்னார்களாம்: தனக்கே செலவழித்தால்தான் சந்தோஷம், அதுவும் 20 டாலர் என்றால் இன்னும் நல்லது என்று.

46 பேர் சிறு கூட்டம்தான். ஆனாலும் செய்துபார்க்கச் செலவு அதிகமில்லை. மனசு கனத்திருக்கும் நாளில் டீக்கடைக்குப் போனால், வாசலில் வெயிலில் நிற்கும் வாட்ச்மேன் அண்ணனுக்கும் சேர்த்து ஒன்று சொல்லுங்கள்.