கழன்று வராத கியர் பாக்ஸும் நம் கம்ப்யூட்டரும்

கம்ப்யூட்டர் பத்திரிகையில் கார் கியர் பாக்ஸுக்கு என்ன வேலை என்று கேட்காதீர்கள். வீட்டில் புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் அதைப் படம் பார்க்கவும் பாட்டுக் கேட்கவும் மட்டும் பயன்படுத்துவதைப் பார்க்கிறேன். சென்ற ஆண்டுகளில் நான் செய்த வேலைகளிலேயே கம்ப்யூட்டர் மிகவும் கைகொடுத்த வேலை எதுவென்று கேட்டால், அலுவலகத்தில் எழுதிய புரோகிராம் எதையும் சொல்ல மாட்டேன். எங்கள் வீட்டு மாருதி 800 காரின் கியர் பாக்ஸைக் கழட்டியதைத்தான் சொல்வேன்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது சென்னையின் தென்புறப் பகுதிகள் பலவற்றில் தண்ணீர் புகுந்தது நினைவிருக்கும். எங்கள் தெருவிலும் புகுந்தது. கார் இரண்டு நாள் பாதி உயரத்துக்கு நீரில் நின்றது. இன்ஜினை மெக்கானிக் ஒருவர் திறந்து சுத்தம் செய்து ஓட வைத்துவிட்டார். ஆனால் இன்ஜின் ஓடும்போது கியர் விழவில்லை. கிளட்ச் பெடலை எவ்வளவு மிதித்தாலும் கிளட்ச் பிரியவில்லை. நீரில் நின்ற கிளட்ச் பிளேட், துருப்பிடித்து ஃபிளைவீலோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. அதைப் பார்க்க வேண்டுமென்றால் கியர் பாக்ஸ் வெளியே வர வேண்டும். அந்தச் சமயத்தில் எல்லா ஒர்க் ஷாப்பிலும் வெள்ளத்தில் நனைந்த வண்டிகள் வரிசையில் நின்றன. "காயலான் கடைக்குப் போட்டுவிடலாம்பா" என்றார் அப்பா. சொல்லிவிட்டு, காரைத் துடைக்கப் போய்விட்டார். அதைப் பார்த்துவிட்டு நானே கழட்டிப் பார்ப்பது என்று முடிவு செய்தேன். லாரி ஓட்டிப் பழகிய என் தாய்மாமா துணைக்கு வந்தார்.

கியர் பாக்ஸ் எங்கே மாட்டியிருக்கிறது?

இன்ஜினின் சுழற்சி ஃபிளைவீல் என்ற கனமான சக்கரத்துக்கு வருகிறது. அதன் மேல் கிளட்ச் உட்கார்ந்திருக்கிறது. கியர் பாக்ஸிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு தண்டு, கிளட்ச் பிளேட்டின் நடுவில் உள்ள துளைக்குள் நுழைகிறது. தண்டிலும் துளையிலும் நீளவாக்கில் பற்கள் வெட்டியிருக்கும். இதை ஸ்பிளைன் என்பார்கள். இவை எல்லாவற்றையும் மூடியபடி, மணி வடிவத்தில் ஓர் அலுமினிய உறை இன்ஜினோடு போல்ட்டுகளால் இணைக்கப்பட்டிருக்கிறது. உறை இம்மியும் நகராமல் இருக்க, டவல் என்ற குட்டையான இரும்புக் குழாய்கள் இரண்டு பக்கமும் துளைகளுக்குள் இறுக்கமாக உட்கார்ந்திருக்கும்.

இதிலிருந்து ஒரு விஷயம் புரியும். கியர் பாக்ஸ் கீழே விழுகிற பொருள் அல்ல. அது தண்டின் திசையில் நேராக விலகிய பிறகுதான் கீழே இறங்க முடியும். கம்ப்யூட்டரில் ராம் பலகையைச் சாய்த்து இழுத்தால் வராது, நேராகத் தூக்கினால் வரும் அல்லவா, அதே போலத்தான்.

முதலில் கேமரா

ஸ்பேனரைத் தொடுவதற்கு முன் செல்போனில் படம் எடுங்கள். மேலிருந்து, கீழிருந்து, இரு பக்கங்களிலிருந்தும். ஒவ்வொரு ஒயரும் கேபிளும் எங்கே போகிறது என்பது தெரிய வேண்டும். ஒவ்வொரு பாகத்தைக் கழட்டிய பிறகும் இன்னொரு படம்.

படங்களை வாட்ஸ்அப் மூலம் உங்களுக்கே அனுப்பிக்கொள்ள வேண்டாம். படம் சுருங்கிவிடும், எடுத்த நேரம் பற்றிய தகவலும் போய்விடும். போனை யுஎஸ்பி கேபிளில் கம்ப்யூட்டருடன் இணைத்து, போன் திரையில் ஃபைல் டிரான்ஸ்ஃபர் என்பதைத் தேர்வு செய்து, படங்களை ஒரு புதிய ஃபோல்டருக்குக் காப்பி செய்யுங்கள். ஃபோல்டரில் ரைட் கிளிக் செய்து, எடுத்த தேதிப்படி வரிசைப்படுத்துங்கள். எல்லாப் படங்களையும் தேர்வு செய்து எஃப்2 கீயை அழுத்தி, 'கழட்டியது' என்று டைப் செய்து என்டர் தட்டினால், எல்லாவற்றுக்கும் அதே பெயரும் அடுத்தடுத்த எண்ணும் வந்துவிடும். திரும்ப மாட்டும்போது கடைசிப் படத்திலிருந்து பின்னோக்கி வந்தால் போதும்.

எக்ஸெல்லிலோ இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க்கிலோ ஒரு பட்டியலும் போட்டேன். எந்த இடம், எந்த ஸ்பேனர், போல்ட்டின் நீளம், எத்தனை, எந்த டப்பா என்று ஐந்து கட்டங்கள். மாமா சிரித்தார். "போல்ட்டை அதே ஓட்டையிலேயே ரெண்டு திருகு திருகி வச்சிட்டா போதாதாடா தம்பி?" என்றார். அதுவும் நல்ல வழிதான். ஆனால் கியர் பாக்ஸைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளை அப்படி வைக்க முடியாதே.

கழட்டும் வரிசை

சமதளமான சிமெண்ட் தரை வேண்டும். பின் சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்து, முன் பக்கத்தை ஜாக்கியால் தூக்கி, ஆக்சில் ஸ்டாண்டுகளின் மேல் இறக்குங்கள். ஜாக்கி தூக்குவதற்கு மட்டும்தான். வெறும் ஜாக்கியையோ அடுக்கிய செங்கல்லையோ நம்பி காருக்கு அடியில் ஒருபோதும் படுக்காதீர்கள். வண்டியைக் கையால் ஆட்டிப் பாருங்கள். அசைந்தால் மறுபடி சரி செய்யுங்கள்.

அடுத்து பேட்டரியின் நெகட்டிவ் ஒயர். கம்ப்யூட்டரைத் திறக்கும் முன் பிளக்கைப் பிடுங்குவோமே, அது போல. ஸ்டார்ட்டர் மோட்டாருக்குப் போகும் தடித்த ஒயரில் சாவியைத் திருகாவிட்டாலும் கரண்ட் இருக்கும். ஸ்பேனர் பட்டால் நெருப்புப் பொறி பறக்கும்.

பிறகு கியரை நியூட்ரலில் வைத்து கியர் ஆயிலை வடித்தேன். வெளியே வந்தது ஃபில்டர் காபி நிறத்தில் இருந்தது. ஆயிலில் தண்ணீர் கலந்திருந்தால் இப்படித்தான் வரும். கிளட்ச் கேபிள், ஸ்பீடாமீட்டர் கேபிள், ரிவர்ஸ் விளக்கின் ஒயர், கியர் மாற்றும் ராடுகள், ஸ்டார்ட்டர் மோட்டார் ஆகியவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்தோம். முன் சக்கரங்களுக்குச் செல்லும் இரண்டு டிரைவ் ஷாஃப்டுகளை லீவர் கொடுத்து நெம்பி எடுத்தோம். கியர் பாக்ஸைத் தாங்கும் மவுன்ட்டைக் கழட்டும் முன், இன்ஜினுக்குக் கீழே ஆயில் சம்ப்பில் ஒரு மரப்பலகை வைத்து ஜாக்கி முட்டுக் கொடுத்தோம். கியர் பாக்ஸுக்கு வாடகைக்கு எடுத்த டிராலி ஜாக்கி. மாருதி 800 போன்ற சிறிய காரிலும் கியர் பாக்ஸ் ஓர் அரிசிச் சிப்பம் போலக் கனக்கும். மல்லாந்து படுத்துக்கொண்டு நெஞ்சின் மேல் அதை வாங்கிக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் வேறு வேலை பார்க்கலாம்.

கடைசியாக உறையைச் சுற்றியுள்ள போல்ட்டுகள். எல்லாம் வந்துவிட்டன. கியர் பாக்ஸ் வரவில்லை.

ஏன் வரவில்லை?

இரண்டு மணி நேரம் இழுத்தோம், ஆட்டினோம். கடைசியில் நான் கடப்பாரையைக் கொண்டுவந்து உறையின் காதுப் பகுதியில் சொருகினேன். மாமா கையைப் பிடித்துவிட்டார். "வரலைன்னா இழுக்காதடா. ஏன் வரலைன்னு பாரு."

சாஃப்ட்வேர் வேலையில் தினமும் இதைத்தான் செய்கிறேன். புரோகிராம் ஓடாவிட்டால் கீபோர்டைக் குத்துவதில்லை. காரணங்களை ஒவ்வொன்றாக விலக்கிப் பார்ப்போம். ஆனால் கையில் கிரீஸும் மனதில் கோபமும் இருக்கும்போது அது மறந்துபோகிறது. கைகழுவிவிட்டு வந்து கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தேன்.

காலையில் எடுத்த படங்களைப் பெரிய திரையில் பெரிதாக்கிப் பார்த்தேன். பதினோராவது படத்தில், உறையின் கீழ் ஓரத்தில் காய்ந்த சேற்றுக்குள் ஆறு பக்க வடிவம் ஒன்று லேசாகத் தெரிந்தது. காருக்கு அடியில் படுத்துக்கொண்டு பார்த்தபோது அது எங்களுக்குச் சேற்றுக் கட்டியாகவே தெரிந்தது. செல்போனின் ஃபிளாஷ் வேறு கோணத்திலிருந்து பட்டதால் விளிம்பு தெரிந்திருக்கிறது. பிரஷ்ஷால் சுரண்டினோம். போல்ட்! கடப்பாரையை இன்னும் இரண்டு தடவை மிதித்திருந்தால் அந்த இடத்தில் அலுமினியம் உடைந்திருக்கும். காது உடைந்த உறையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அப்பா சொன்ன காயலான் கடைதான்.

கழன்று வராத கியர் பாக்ஸில் முதலில் தேட வேண்டியது விட்டுப்போன போல்ட்டைத்தான். சேற்றை முழுவதும் சுத்தம் செய்து, சிறிய கண்ணாடியும் டார்ச்சும் வைத்து ஒரு சுற்று பாருங்கள். ஸ்டார்ட்டர் மோட்டார் இருந்த இடம், அதற்கு நேர் எதிர்ப்பக்கம், கீழே உள்ள தகடு ஆகிய மூன்று இடங்களும் முக்கியம்.

அந்த போல்ட்டை எடுத்த பிறகும் முழுதாக வரவில்லை. மேலே இடைவெளி ஒரு நூல்கூட இல்லை, கீழே விரல் நகம் நுழையும் அளவு இருந்தது. அதாவது கியர் பாக்ஸ் சாய்ந்து நிற்கிறது. சாய்ந்தால் டவலும் தண்டும் துளைக்குள் கவ்விக்கொள்ளும். டிராலி ஜாக்கியைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி இறக்கி, சுற்றிலும் இடைவெளி ஒரே அளவாக வரும்படி செய்தோம். பழைய ஏடிஎம் கார்டு ஒன்றை இடைவெளியில் விட்டு அளந்தேன்.

டவல் இரும்பு, உறை அலுமினியம். இரண்டும் சேரும் இடத்தில் தண்ணீர் தங்கினால் அலுமினியம் அரித்து வெள்ளைப் பொடியாகி இறுக்கிவிடும். துரு இளக்கும் ஸ்பிரேயை இணைப்பில் அடித்து ஓர் இரவு விட்டோம். மறுநாள் காலையில் மரச்சுத்தியால் உறையைச் சுற்றித் தட்டினோம். அசையவில்லை. பிறகு வெந்நீர் வைத்தியம். சூடு பட்டால் அலுமினியம் இரும்பைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். எனவே துளை பெரிதாகி டவல் தளரும். கீழே யாரும் இல்லாமல் பார்த்துக்கொண்டு, டவல் இருக்கும் இடத்தில் துணியைச் சுற்றி, மேலிருந்து கொதிக்கும் நீரை ஊற்றினோம். கிளட்ச் பிளேட்டை எப்படியும் மாற்றப்போகிறோம், அதனால் உள்ளே தண்ணீர் போவதைப் பற்றிக் கவலைப்படவில்லை. நெருப்பு ஜுவாலையைக் காட்டவே கூடாது. பெட்ரோலும் ஆயிலும் உள்ள இடம் அது. ஸ்பிரேயும் எரியக்கூடியதுதான்.

மூன்றாவது பாத்திரம் வெந்நீருக்குப் பிறகு 'டக்' என்று ஒரு சத்தம். உறையின் கனமான விளிம்புகளில் இரண்டு மர ஆப்புகளை எதிரெதிராக வைத்து, இந்தப் பக்கம் ஒரு தட்டு, அந்தப் பக்கம் ஒரு தட்டு. ஒரே பக்கம் தட்டினால் மறுபடி சாயும். ஸ்குரூ டிரைவரை இணைப்புக்குள் அடித்து நெம்புபவர்கள் உண்டு. ஒட்ட வேண்டிய முகத்தில் பள்ளம் விழுந்துவிடும்.

சுமார் ஒரு சென்டிமீட்டர் விலகி டவலிலிருந்து விடுபட்டதும் மூன்றாவது முறையாக நின்றது. இந்த முறை காரணம் ஸ்பிளைன். கிளட்ச் பிளேட்டின் துளையில் தண்டு துருவோடு பிடித்துக்கொண்டிருந்தது. கிளட்ச் ஃபோர்க் நுழையும் துளை வழியாக ஸ்பிரேயின் நீளக் குழாயை விட்டுத் தண்டின் மேல் அடித்து, அரை மணி நேரம் காத்திருந்து, இழுப்பதற்குப் பதிலாக உள்ளே தள்ளினோம். பிறகு கொஞ்சம் இழுத்தோம். மறுபடி தள்ளினோம். ஒவ்வொரு தடவையும் சிறிது அதிகமாக வந்தது. இதிலும் வராவிட்டால் இன்னொரு வழி உண்டு. இடைவெளி வழியாக கிளட்ச் கவரின் போல்ட்டுகளை, ஃபிளைவீலைச் சுற்றிச் சுற்றி ஒவ்வொன்றாகக் கழட்டி, கிளட்சையும் சேர்த்தே வெளியே எடுத்துவிடலாம். எங்களுக்கு அது தேவைப்படவில்லை.

பாதி வந்த நிலையில் டீ குடிக்கப் போவதாக இருந்தால் ஜாக்கி சரியாகத் தாங்குகிறதா என்று பார்த்துவிட்டுப் போங்கள். முழு எடையும் தண்டின் மேல் தொங்கினால் பிளேட்டும் தண்டும் கெட்டுப்போகும்.

திரும்ப மாட்டும்போது

புதிய கிளட்ச் பிளேட்டை அதற்கான கருவியை வைத்து நடுவில் நிறுத்தி மாட்டினோம். டவல்களை உப்புத்தாளால் தேய்த்துச் சுத்தம் செய்தோம். ஸ்பிளைனில் கிரீஸ் லேசாகப் பூசினால் போதும். அதிகமானால் தெறித்துப் பிளேட்டில் ஒட்டும், கிளட்ச் வழுக்கும். கியர் பாக்ஸைக் கையாலேயே தள்ளி இன்ஜினோடு முழுதாக ஒட்ட வைத்த பிறகுதான் போல்ட்டை முறுக்க வேண்டும். போல்ட்டை முறுக்கி இழுத்து ஒட்ட வைத்தால், கடப்பாரையில் தப்பிய காது இங்கே உடையும்.

ஒரு சனிக்கிழமையில் முடியும் என்று நினைத்த வேலை மூன்று வார இறுதிகளை எடுத்துக்கொண்டது. கிளட்ச் வேலைக்கு மெக்கானிக்குகள் கேட்கும் கூலி நியாயமானதுதான் என்று இப்போது சொல்வேன். தரை சரியில்லாத இடத்திலோ, துணைக்கு ஆள் இல்லாமலோ இதைத் தொடாதீர்கள்.

மாட்டி முடித்ததும் பட்டியலைப் பிரிண்ட் எடுத்து ஒவ்வொரு வரியாக டிக் அடித்தேன். ரிவர்ஸ் விளக்கின் ஒயரை மாட்டாமல் விட்டிருந்தது அப்போதுதான் தெரிந்தது. புதிய கியர் ஆயில் ஊற்றி, அப்பா ஓட்ட, தெருமுனை வரை போய் வந்தோம். நான்கு கியரும் விழுந்தன. இரவு காருக்கு அடியில் ஓர் அட்டையை விரித்து வைத்தேன். காலையில் அதில் இரண்டு சொட்டு ஆயில் இருந்தது. வடிக்கும் போல்ட்டின் வாஷரை மாற்றினேன். அடுத்த நாள் அட்டை சுத்தமாக இருந்தது.